முதல் கீமோவுக்கு ஆயத்தமாவது எப்படி: கொழும்பில் சிகிச்சை தொடங்குபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

முதல் தடவை கீமோ, அதாவது புற்றுநோய்க்கான மருந்து, ஏற்றப் போகிறவர்களுடன் கிளினிக் வாங்குகளில் நிறையப் பொழுதைக் கழித்திருக்கிறேன். முதலில் எங்கள் வீட்டு ஆளுக்காக, பிறகு தெரிந்தவர்கள் கூப்பிட்டபோதெல்லாம். எல்லோரும் அந்த ஒரு நாளுக்குத்தான் ஆயத்தமாகி வருகிறார்கள். மருந்து கையில் இறங்கும் நேரம் பெரும்பாலும் அமைதியாகவே போய்விடும். ஆளை அலைக்கழிப்பது அதற்குப் பின்னால் வரும் இரண்டு கிழமைகள். அந்த நாட்களுக்கு வீட்டில் ஒன்றுமே ஒழுங்காகியிருக்காது.

அதனால் இங்கே வீட்டு வேலைகள் முதலில் வரும், பை கட்டுவது பின்னால் வரும். மகரகமவில் இருக்கும் அரச புற்றுநோய் வைத்தியசாலையான அபேக்ஷாவானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் இந்த ஒழுங்கு பொருந்தும். உங்கள் டொக்டர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். கீமோ என்பது ஒரே மருந்து அல்ல. பக்கத்துக் கதிரையில் இருப்பவருக்குச் சரியானது உங்களுக்குச் சரியாக இருக்காது.

1. மருந்தின் பெயரையும் இரவு எடுக்க வேண்டிய தொலைபேசி எண்ணையும் வாங்குங்கள்

திகதி கிடைத்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை இது. ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு போய் டொக்டரிடமோ நேர்ஸிடமோ கேட்டு, அங்கேயே எழுதுங்கள். ஏற்றப்போகும் மருந்துகளின் பெயர் என்ன? எத்தனை மணித்தியாலம் பிடிக்கும்? எத்தனை நாளுக்கு ஒரு தடவை, மொத்தம் எத்தனை தடவை? முன்தினம் குடிக்க வேண்டிய குளிசை ஏதும் உண்டா? இரவிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ காய்ச்சல் வந்தால் எந்த எண்ணுக்கு அடிக்க வேண்டும், எங்கே வர வேண்டும்?

பெயர் எதற்கு என்றால், ஒவ்வொரு மருந்துக்கும் தனிக் குணம் உண்டு. டொக்ஸோருபிசின் சிவப்பு நிறமானது. ஏற்றிய பிறகு ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். தெரியாதவர்கள் இரத்தம் என்று நினைத்து அலறிவிடுவார்கள். ஒக்ஸாலிபிளாட்டின் ஏற்றியவர்களுக்கு ஐஸ் தண்ணீர், ஃபிரிட்ஜில் கை வைப்பது, சில்லென்ற ஏசிக் காற்று எல்லாம் சில நாளுக்கு ஆகாது. விரல் கூசும், தொண்டை இறுக்குவது போல் இருக்கும். சிஸ்பிளாட்டினுக்குச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற நிறையச் சேலைன் ஏற்றுவார்கள். அன்றைய நாள் நீண்டுவிடும்.

முன்தினக் குளிசை விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். டொசெடாக்செல், பக்லிடாக்செல் போன்றவற்றுக்கு ஒவ்வாமை வராமலிருக்க டெக்ஸாமெதசோனை முன்தினமே தொடங்கச் சொல்வதுண்டு. அதைக் குடிக்காமல் வந்தால் மருந்து ஏற்றுவது பிந்தலாம், அன்றைக்கு நடக்காமலே போகலாம். எந்தக் குளிசை, எத்தனை, எத்தனை மணிக்கு என்று எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள்.

2. கடதாசிகளை ஒரே கோப்பில் அடுக்குங்கள்

கிளினிக் புத்தகம், தேசிய அடையாள அட்டை, பயொப்ஸி (சதைத் துண்டுப் பரிசோதனை) ரிப்போர்ட், ஸ்கேன் படங்களும் அவற்றின் ரிப்போர்ட்டுகளும், இரத்தப் பரிசோதனைகள், சத்திரசிகிச்சை நடந்திருந்தால் அந்த ஆஸ்பத்திரித் துண்டு. எல்லாவற்றையும் திகதி ஒழுங்கில் வையுங்கள். புதியது மேலே வரட்டும்.

பயொப்ஸி ரிப்போர்ட்டைக் குறைந்தது இரண்டு பிரதி எடுங்கள். சிகிச்சை முழுவதற்கும் அதுதான் அடிப்படை. ஒரு கிளினிக்கில் கொடுத்துவிட்டு அடுத்த கிளினிக்கில் இல்லாமல் நிற்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். எல்லாப் பக்கங்களையும் ஃபோனில் படம் பிடித்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். ஆனாலும் ஏதாவது ஒரு மருந்தையோ பரிசோதனையையோ வெளியே செய்துகொண்டு வரச் சொல்லும் நாளும் வரும். அதற்கென்று கொஞ்சக் காசைக் கோப்போடு தனியாக வைத்திருங்கள்.

3. வாயால் போகிற எல்லாவற்றையும் டொக்டரிடம் சொல்லுங்கள்

பிரஷர், சீனி, இரத்தம் உறையாமலிருக்கக் குடிக்கும் அஸ்பிரின், க்ளோபிடோகிரெல், வார்ஃபரின் எதுவானாலும் பெட்டியோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். வாயால் பெயர் சொன்னால் மில்லிகிராம் தவறிப்போகும். கீமோவால் இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறையும்போது இரத்தத்தை இளக்கும் மருந்து ஆபத்தாகலாம். அதற்காக நீங்களாக நிறுத்தியும் விடாதீர்கள். நிறுத்துவதா, குறைப்பதா என்பது டொக்டரின் முடிவு.

சீனி வருத்தம் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள்: வாந்தியையும் ஒவ்வாமையையும் தடுக்கக் கொடுக்கும் டெக்ஸாமெதசோன் சீனியை மேலே ஏற்றும். அந்த நாட்களில் எத்தனை தடவை சீனி பார்க்க வேண்டும், எவ்வளவுக்கு மேல் போனால் ஃபோன் அடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இனி, நம் வீடுகளில் யாரும் வாய் திறக்காத விஷயம். சித்த மருந்து, ஆயுர்வேதக் கசாயம், கட்டு அனோதா என்று விற்கும் காட்டு அன்னமுன்னா இலை அவித்த தண்ணீர், யாரோ வெளிநாட்டிலிருந்து அனுப்பிய விற்றமின் போத்தல். டொக்டர் ஏசுவார் என்ற பயத்தில் மறைத்துவிட்டு, பின்னேரம் வீட்டில் குடிப்பார்கள். ஈரலும் சிறுநீரகமும்தான் கீமோ மருந்தை உடலிலிருந்து வெளியேற்ற வேண்டும். அதே உறுப்புகள் மேல் இன்னொரு சுமையையும் ஏற்றினால், மருந்து தேவைக்கு அதிகமாகத் தங்கலாம் அல்லது வேலை செய்யாமல் போகலாம். பிறகு ஈரல் ரிப்போர்ட் கூடி வந்தால், கீமோவாலா கசாயத்தாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஏச்சு விழுந்தால் விழட்டும், சொல்லிவிடுங்கள். சமையலில் போடும் இஞ்சி, மஞ்சள், கொத்தமல்லி பற்றிக் கவலை வேண்டாம். நான் சொல்வது மருந்தென்று குடிப்பவற்றை.

விரதமும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை, கந்தசஷ்டி, நோன்பு மாதம் எதுவாக இருந்தாலும் சிகிச்சைத் திகதியோடு ஒப்பிட்டுப் பார்த்து டொக்டரிடம் கேளுங்கள். தண்ணீர் கூடக் குடிக்காமல் இருப்பது இந்தச் சிகிச்சையோடு ஒத்துப்போகாது.

4. தொடங்கிய பிறகு செய்ய முடியாத வேலைகளை இப்போதே முடியுங்கள்

பல்: ஆடும் பல், சொத்தைப் பல், வீங்கிய முரசு இருந்தால் இப்போதே காட்டுங்கள். கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் குறைந்த நேரத்தில் வாயிலிருக்கும் கிருமியே உடம்பெல்லாம் பரவலாம். பல் பிடுங்கினால் ஆற நாள் எடுக்கும் என்பதால் திகதியைப் புற்றுநோய் டொக்டரிடம் சொல்லிவிட்டே போங்கள்.

பிள்ளைப்பேறு: இனிமேல் பிள்ளை பெற விரும்புகிறவர்கள், ஆணோ பெண்ணோ, முதல் மருந்து ஏறுவதற்கு முன்பே கேட்க வேண்டும். சில மருந்துகள் கருமுட்டையையும் விந்தையும் நிரந்தரமாகப் பாதிக்கும். கலியாணம் ஆகாத பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். பிறகு கேட்டுப் பிரயோசனம் இல்லை, தயவுசெய்து இப்போதே கேளுங்கள். கர்ப்பம் என்ற சந்தேகம் இருந்தாலும், பால் கொடுப்பவராக இருந்தாலும் உடனே சொல்ல வேண்டும்.

தடுப்பூசி போட நினைத்தால் கேட்டுவிட்டுப் போடுங்கள். உயிருள்ள கிருமியில் செய்த தடுப்பூசிகள் கீமோ காலத்தில் கூடாது. முன்பு எப்போதாவது ஹெபடைட்டிஸ் பி வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அடங்கியிருக்கும் அந்த வைரஸ் கீமோவோடு மீண்டும் கிளம்பக்கூடியது.

5. வீட்டை ஒழுங்கு பண்ணுங்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு டிஜிட்டல் தெர்மோமீட்டர் வாங்குங்கள். இந்த வழிகாட்டியில் ஒரேயொரு விஷயத்தைத்தான் செய்வீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போதாது. நல்ல உடம்பில் ஒரு தடவை அளந்து பழகிக்கொள்ளுங்கள். வாயில் அளப்பதானால், சூடான தேத்தண்ணீர் குடித்தவுடன் அளக்காமல் கால் மணித்தியாலமாவது பொறுங்கள். மலவாசலில் அளக்கக் கூடாது, அங்கே சிறு கீறல் பட்டாலும் கிருமி உள்ளே போகும்.

அடுத்தது நுளம்பு. கொழும்பில் இருந்துகொண்டு இதை விட முடியாது. டெங்குவும் பிளேட்லெட்டைக் குறைக்கும், கீமோவும் குறைக்கும். இரண்டும் ஒன்றாக வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பீலி, பூச்சாடித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு எல்லாவற்றையும் சுத்தம் செய்து, பகலில் படுத்தாலும் வலைக்குள் படுக்கும்படி செய்யுங்கள்.

கழிப்பறை: மருந்து ஏற்றி முதல் 48 மணித்தியாலத்துக்குச் சிறுநீர், மலம், வாந்தி எல்லாவற்றிலும் மருந்தின் மிச்சம் இருக்கும். சில மருந்துகளுக்கு இன்னும் கொஞ்சம் கூட. மூடியைப் போட்டுவிட்டு இரண்டு தடவை ஃப்ளஷ் பண்ண வேண்டும். ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிப்பது நல்லது, தெறிக்காது. குந்தியிருக்கும் வகைக் கழிப்பறையானால் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். சுத்தம் செய்பவர் கையுறை போட வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை அவரிடம் விடாதீர்கள். அழுக்கான உடுப்பையும் விரிப்பையும் தனியாகத் தோய்க்க வேண்டும். அந்த நாட்களில் தாம்பத்திய உறவு என்றால் ஆணுறை அவசியம்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு ஆளை ஒதுக்கி வைக்காதீர்கள். தனிக் கோப்பை, தனிப் பாய், பேரப்பிள்ளை கிட்டப் போகக் கூடாது என்ற கதைகள் எல்லாம் தேவையில்லாதவை. புற்றுநோய் தொற்றாது. கட்டிப்பிடிக்கலாம், பக்கத்தில் இருந்து சாப்பிடலாம். தள்ளி நிற்க வேண்டியவர் தடிமன், இருமல், காய்ச்சல், அம்மை உள்ளவர்தான்.

சமையலறையில், நன்றாக வேகவைத்த சாப்பாடுதான் சட்டம். அரை அவியல் முட்டை வேண்டாம், சட்டித் தயிர் வேண்டாம், காலிமுகத் திடல் இறால் வடையும் கடைச் சம்பலும் கொஞ்ச நாளுக்கு ஓய்வெடுக்கட்டும். பச்சையாகச் செய்யும் வல்லாரைச் சம்பலுக்குப் பதில் சுண்டிச் சாப்பிடலாம். பழம் தடையில்லை. கழுவித் தோலுரித்து உடனே சாப்பிடும் வாழைப்பழம், பப்பாசி நல்லவை. வெட்டி விற்பதை மட்டும் வாங்காதீர்கள். கொதித்தாறிய தண்ணீரே குடியுங்கள். ஜீவனிப் பக்கெட் சிலவும், உப்பு அதிகமில்லாத சூப்புக்கு வேண்டிய சாமான்களும் வீட்டில் இருந்தால் இரண்டாம், மூன்றாம் நாளில் கடைக்கு ஓட வேண்டியதில்லை.

6. கூட வருபவர் ஒருவரை நிரந்தரமாக்குங்கள்

ஒவ்வொரு தடவையும் வேறொருவர் போனால், டொக்டர் போன தடவை சொன்னது யாருக்கும் தெரியாது. ஒருவரே போக வேண்டும், கொப்பியும் அவர் கையில் இருக்க வேண்டும். பெண்கள் வாட்டில் ஆண்களை நிற்க விடாத இடங்கள் பல உண்டு என்பதால் அதையும் யோசித்து ஆளைத் தெரிவு செய்யுங்கள்.

மொழியையும் சொல்ல வேண்டும். கொழும்பு ஆஸ்பத்திரிகளில் வேலை அதிகமும் சிங்களத்தில்தான் நடக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வரும் பெரியவர்கள் பலர், கேட்கத் தெரியாமல் நோவைப் பொறுத்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். சிங்களம் தெரிந்தவர் கூட வருவது சிறந்தது. அவர் வெளியே நிற்க வேண்டி வந்தால் என்ன செய்வது? நாலு வசனத்தை நோயாளிக்குப் பழக்கிவிடுங்கள். "மெதன ரிதெனவா" என்றால் இங்கே நோகிறது. "மெதன தனவா" என்றால் இங்கே எரிகிறது. "ஹுஸ்ம கன்ன அமாருய்" என்றால் மூச்சு எடுக்கக் கஷ்டம். "உண தியெனவா" என்றால் காய்ச்சல் இருக்கிறது. கையைக் காட்டிக்கொண்டு இவ்வளவு சொன்னால் போதும், நேர்ஸ் ஓடி வருவார்.

வெளி மாவட்டத்திலிருந்து வருபவர்கள் அன்றிரவே பஸ் ஏறாதீர்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ சொந்தக்காரர் வீட்டில் ஓரிரு நாள் தங்கிப் பார்த்துவிட்டுப் போங்கள். தெல்லிப்பழை, மட்டக்களப்பு, கண்டி போன்ற இடங்களிலும் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. அடுத்தடுத்த தடவைகளை அங்கே செய்ய முடியுமா என்று இப்போதே கேட்டு வைத்தால் அலைச்சல் குறையலாம்.

7. முன்தினம்

இரத்தப் பரிசோதனையைச் சொன்ன நாளில் செய்து ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். வெள்ளை அணு, பிளேட்லெட், சிறுநீரகம், ஈரல் எல்லாம் சரியாக இருந்தால்தான் மருந்து ஏற்றுவார்கள். உயரமும் நிறையும் பார்த்துத்தான் அளவைக் கணக்கிடுகிறார்கள், ஆகவே அண்மையில் நிறை குறைந்திருந்தால் சொல்லுங்கள். ரிப்போர்ட் சரியில்லை என்று ஒரு கிழமை தள்ளிப் போட்டால் மனம் விட வேண்டாம். அந்த நிலையில் ஏற்றுவதுதான் ஆபத்து.

தண்ணீர் நன்றாகக் குடியுங்கள், இதய, சிறுநீரக வருத்தத்துக்காகக் குறைக்கச் சொல்லியிருந்தால் தவிர. உடம்பில் நீர் இருந்தால் நரம்பு எழும்பி நிற்கும், மருந்து ஏற்றக் கையில் செருகும் சிறு குழாயான கனுலாவைப் போடச் சுலபம்.

நகப்பூச்சை அழித்துவிடுங்கள். ஒக்சிஜன் அளக்கும் கிளிப் விரலில்தான் மாட்டுவார்கள், பூச்சு இருந்தால் அளவு பிழைக்கும். மோதிரம், வளையல் கழற்றி வீட்டில் வையுங்கள். கோயில் நூல் விஷயத்தில் ஒரு சின்ன வேண்டுகோள். மணிக்கட்டில் மூன்று நான்கு சுற்று, மஞ்சளும் தண்ணீரும் ஊறிக் கறுத்துப்போன நூலோடு வருவார்கள். கனுலா போட வேண்டிய இடமே அதுதான். நேர்ஸ் கத்தரிக்கோலை எடுத்ததும் முகம் வாடிவிடும், ஏதோ அபசகுனம் மாதிரி. முதல் நாளே வீட்டில் சாமிப் படத்துக்கு முன்னால் கழற்றி வைத்துவிட்டு வந்தால் மனமும் நோகாது, ஊறிய நூலிலிருந்து கிருமியும் ஏறாது.

பையில் அதிகம் வேண்டாம். கோப்பு, கொப்பி, தண்ணீர்ப் போத்தல், கிரீம் கிராக்கர் போல வெறுமையான பிஸ்கட், அவித்த சாப்பாடு கொஞ்சம், ஏசிக்கு ஒரு சால்வை, துவாய், வழக்கமாகக் குடிக்கும் குளிசைகள், வாந்திக்குப் பொலித்தீன் பை இரண்டு, ஃபோன் சார்ஜர். நோயாளிக்கு மிகப் பிடித்த கறியை அன்றைக்குச் சமைத்துக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். அன்று ஓங்காளித்தால், அந்த மணத்தோடு அது சேர்ந்துகொண்டு பிறகு பல மாதம் அந்தக் கறியே பிடிக்காமல் போகும்.

8. மருந்து ஏற்றும் நாள்

வெறும் வயிற்றில் வரச் சொல்லவில்லை என்றால் இலேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இடியப்பமும் சொதியும், பாணும் பருப்பும் போல எண்ணெய் குறைந்தது எதுவும் சரி. கை அகலமான, முழங்கைக்கு மேல் சுலபமாக ஏற்றக்கூடிய உடுப்பு போடுங்கள். மார்பகச் சத்திரசிகிச்சையில் அக்குள் நிணநீர்க் கட்டிகளை எடுத்திருந்தால், அந்தப் பக்கக் கையில் ஊசி வேண்டாம் என்று யாரும் கேட்கும் முன்னரே சொல்லிவிடுங்கள்.

முதலில் கனுலா போட்டு, வாந்தி மருந்தும் ஒவ்வாமை மருந்தும் ஏற்றுவார்கள். அதற்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் போகலாம். "இன்னும் தொடங்கவில்லையே" என்று பதற வேண்டாம், அது சிகிச்சையின் ஒரு பகுதி. பிறகுதான் கீமோ தொங்கும்.

இந்த நேரத்தில் நோயாளிக்கு ஒரே ஒரு கடமைதான்: எரிந்தால், நொந்தால், வீங்கினால் உடனே சொல்வது. ஒரு முறை எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த அம்மா ஒருவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது, தேவாரம் சொல்கிறார் என்று நினைத்தேன். கையைப் பார்த்தால் கனுலாவைச் சுற்றித் தோல் பளபளவென்று புடைத்திருந்தது. ஏன் அம்மா சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "புற்றுநோய் மருந்தெண்டால் எரியும்தானே பிள்ளை" என்றார். நேர்ஸ் ஓடிவந்து நிறுத்தினார். கீமோ நரம்பில் போகும்போது எரியக் கூடாது. சில மருந்துகள் நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடும். முதல் நிமிடத்தில் சொன்னால் பாதிப்பு குறைவு. நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் கடி, திடீரென்று முதுகு நோவு, தலைச்சுற்று, இவையும் அப்படித்தான். பொறுமைக்கு இங்கே பரிசு கிடையாது.

கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் கேட்டுவிட்டுப் போங்கள், கையை மடக்காதீர்கள். துளிவேகத்தை நீங்களாகக் கூட்டவே கூடாது.

திரும்பும்போது பஸ் வேண்டாம். 138 மகரகமவுக்கு ஹை லெவல் வீதியால் போகும் வசதியான பஸ்தான், காலையில் வரலாம். பின்னேரக் கூட்டத்தில் கிருமியும் நெரிசலும் நிறைய. பிக்மீயிலோ தெரிந்த ஓட்டோவிலோ போங்கள். வெளியேறும் முன் வீட்டுக்கான குளிசைகளை எண்ணிப் பார்த்து, எதை எப்போது என்று கொப்பியில் எழுதிக்கொண்டு, இரவு எண்ணை இன்னொரு தடவை சரிபாருங்கள்.

9. அன்றிரவும் அடுத்த சில நாட்களும்

வாந்திக் குளிசையை வாந்தி வந்த பிறகு குடிக்கலாம் என்று வைத்திருப்பதுதான் நான் மிக அடிக்கடி பார்க்கும் பிழை. முதல் நாள் ஊசி மருந்தின் பலத்தில் நன்றாக இருப்பார்கள். "எனக்கு ஒன்றும் செய்யவில்லை" என்று சொல்லிக் குளிசையை விட்டுவிடுவார்கள். சில மருந்துகளுக்கு ஓங்காளம் 24 மணித்தியாலத்துக்குப் பிறகுதான் தொடங்கிப் பல நாள் நீடிக்கும். வந்த பிறகு அடக்குவது கடினம், குளிசையும் வயிற்றில் நிற்காது. எழுதித் தந்த நேரத்துக்கு, எழுதித் தந்த நாள் வரைக்கும் குடியுங்கள்.

வாந்தியைத் தடுக்கும் ஒன்டான்செட்ரோன் மலச்சிக்கல் தரும். மூன்று நாள் போகாமல் இருந்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவதைவிட, அதற்கும் ஒரு மருந்தை முன்னரே எழுதி வாங்குவது நல்லது. மலவாசலில் வைக்கும் மருந்தைக் கேட்காமல் பாவிக்கக் கூடாது. டெக்ஸாமெதசோன் குளிசை நித்திரையைக் கெடுக்கும், ஆகவே காலையில் குடிக்கலாமா என்று கேளுங்கள்.

மூன்று வேளைத் தட்டை மறந்துவிடுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஆறு வாய். கஞ்சி, அவித்த முட்டை, பருப்பு, மீன் சொதி, சமபோஷ. சூடான சாப்பாட்டு மணம் குமட்டினால் ஆறவைத்துக் கொடுங்கள். தாளிக்கும்போது நோயாளி வேறு அறையில் இருக்கட்டும். சாப்பிடச் சொல்லிக் கெஞ்சுவதும் ஏசுவதும் வேண்டாம். தண்ணீர் உள்ளே போகிறதா, சிறுநீர் வெளிறிய நிறத்தில் போகிறதா என்று பாருங்கள். ஒரு நாள் முழுவதும் தண்ணீர் கூடத் தங்கவில்லை என்றால், அல்லது வழமையைவிட நாலு தடவைக்கு மேல் வயிற்றாலடித்தால், அன்றே அந்த எண்ணுக்கு அடியுங்கள்.

வாய்ப்புண் வருவதற்கு முன்பே வாய் கொப்பளிக்கத் தொடங்க வேண்டும். ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கால் தேக்கரண்டி அப்பச் சோடாவும் அதில் பாதி உப்பும் போட்டு, சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்னும் கொப்பளியுங்கள். மென்மையான பிரஷ் பாவியுங்கள். கடையில் விற்கும் எரிக்கிற மவுத்வாஷ் வேண்டாம்.

10. ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை

வாந்தி நின்று, முகம் தெளிந்து, வீட்டில் எல்லோரும் மூச்சு விடும் நேரம் இது. அதே நேரத்தில்தான் பெரும்பாலும் வெள்ளை அணுக்கள் ஆகக் கீழே போகும். சொந்தக்காரர் ஹோர்லிக்ஸ் போத்தலும் திராட்சைப் பழமுமாக வந்து அறை நிறைய உட்காருவதும் இதே நாட்களில்தான். அவர்களை ஃபோனில் கதைக்கச் சொல்லுங்கள். வருவதென்றால் ஒருவர் இருவர், கை கழுவிவிட்டு, தடிமன் இல்லாதவர். மனக்கசப்பு வந்தால் பிறகு சரிசெய்துகொள்ளலாம். கோயில் திருவிழா, கலியாண வீடு, செத்தவீடு மூன்றையும் இந்த ஒரு கிழமைக்கு வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

காலையும் மாலையும் உடல் வெப்பம் அளந்து கொப்பியில் எழுதுங்கள். 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட், அல்லது அதற்கு மேல் போனால் அது அவசரம். குளிர், நடுக்கம் வந்தால் அளவு குறைவாக இருந்தாலும் அவசரம்தான். விடியும்வரை பார்க்கலாம் என்ற கதையே வேண்டாம். வெள்ளை அணு இல்லாத உடம்பில் கிருமி சில மணித்தியாலத்திலேயே உயிருக்கு ஆபத்தாகும். நேரத்துக்கு நரம்பு வழியாக அன்டிபயோட்டிக் ஏற்றினால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

இங்கேதான் பனடோல் குறுக்கே வருகிறது. காய்ச்சல் என்றவுடன் கை தானாகப் பனடோல் அட்டைக்குப் போகும். இரண்டைக் குடித்தால் காய்ச்சல் இறங்கும், கிருமி இறங்காது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அளவு சாதாரணமாகக் காட்டும், பார்ப்பவருக்கும் அவசரம் விளங்காது. முதலில் அளவுங்கள், எழுதுங்கள், எண்ணுக்கு அடியுங்கள். பனடோல் குடிக்கலாமா என்று அவர்கள் சொல்லட்டும். ஐபுப்ரோஃபென், டைக்குளோஃபெனக் வகைகளைத் தொடவே வேண்டாம், பிளேட்லெட் குறைந்த உடம்பில் இரத்தம் கசியும். டெங்கு இருந்தால் இன்னும் மோசம்.

வாகனம் இல்லையென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அடியுங்கள், அது இலவசம். ஆஸ்பத்திரிக்குப் போய் ஓ.பி.டி. வரிசையில் நிற்காதீர்கள். நேரே அவசர சிகிச்சைப் பிரிவான ஈ.ரி.யு.வுக்குப் போய், "கீமோ ஏற்றியவர், இன்றைக்கு எத்தனையாவது நாள், காய்ச்சல் இவ்வளவு" என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். இதற்காக ஒரு சிறிய அட்டையில் மருந்தின் பெயர், ஏற்றிய திகதி, சிகிச்சை நடக்கும் ஆஸ்பத்திரி, கிளினிக் எண் நான்கையும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பணப்பையில் வைத்திருங்கள். ஊருக்குத் திரும்பியவர்களும் அப்படித்தான். கொழும்புக்கு வண்டி பிடிக்காமல், மிக அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அந்த அட்டையோடு போங்கள்.

நிற்காத இரத்தம், புதிதாகத் தோலில் சிவப்புப் புள்ளிகள், மூச்சு வாங்குதல், ஒரு கால் மட்டும் வீங்கி நோகுதல், குழப்பமான பேச்சு. இவையும் விடியும்வரை காத்திருக்க வேண்டியவை அல்ல.

11. முடி, பிறகு இரண்டாவது தடவை

எல்லாக் கீமோவும் முடியை உதிர்க்காது. உங்கள் மருந்து உதிர்க்குமா என்று டொக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். உதிர்ப்பதானால், முதல் மருந்து ஏறி இரண்டு மூன்று கிழமையில் தலையணையில் தெரியும். நீளமான கூந்தல் உள்ள பெண்கள் அதற்கு முன்பே தோள்மட்டத்துக்கு வெட்டிக்கொண்டால் கொத்தாகக் கையில் வரும் அதிர்ச்சி குறையும். முழுக்க எடுப்பதானால் மெஷினில் எடுங்கள், சவர அலகு வேண்டாம், வெட்டுக்காயம் கிருமிக்கு வழி. மென்மையான பருத்தித் துணி ஒன்று தலைக்குப் போதும். விக் வேண்டுமென்பவர்கள் முடி இருக்கும்போதே நிறம் பார்த்து வாங்கலாம்.

முதல் தடவை என்ன நடந்தது என்பதை நாள்வாரியாகக் கொப்பியில் வைத்திருந்தால், இரண்டாவது தடவை டொக்டர் மருந்தை மாற்றியமைக்க அதுவே போதும். எந்த நாள் வாந்தி, எத்தனை தடவை, எது சாப்பிட முடிந்தது, ஆக உயர்ந்த காய்ச்சல் அளவு, கை கால் விறைப்பு உண்டா. "பரவாயில்லை டொக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். வாந்திக் குளிசைக்கு வேறு வகை உண்டு, அளவு மாற்றலாம், இன்னொன்று சேர்க்கலாம். சொன்னால்தான் செய்வார்கள். அடுத்த இரத்தப் பரிசோதனை என்றைக்கு என்று அங்கேயே கேட்டு, கொப்பியின் முன் அட்டையில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.